லெபேகாவின் வீடு, இரண்டு

லெபேகாவைப் பற்றிச் சொல்ல இந்த ஊரில் என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. பாசத்தினால் சொல்லவில்லை. அவள் என் பெரியப்பா மகள், ஆறு வயது மூத்தவள். உண்மையைச் சொன்னால் அவளை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் இருபத்தாறு வருஷமாக எங்கள் ஃபகாவோஃபோ தீவின் கடற்கரையில் நின்று மீன் பங்கு கூப்பிடுகிறவன் நான். எந்த வீட்டில் எத்தனை வாய் என்பது எனக்கு மனப்பாடம். குழந்தை பிறந்தால் ஒன்று கூடும். ஆள் செத்தால் ஒன்று குறையும். நியூசிலாந்துக்குக் கப்பல் ஏறினாலும் ஒன்று குறையும். செத்தவனுக்கும் கப்பல் ஏறியவனுக்கும் என் கணக்கில் வித்தியாசம் கிடையாது.

ஊர் சேர்ந்து கடலுக்குப் போகும் நாளில் வருகிற மீனெல்லாம் கூழாங்கல் பரப்பில் கொட்டப்படும். யார் போனான், யார் படுத்துக் கிடந்தான் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கிழவி, நொண்டி, சோம்பேறி, ஊர்ப் பெரியவர், எல்லோருக்கும் தலைக்கு ஒரே பங்கு. நான் வீட்டின் பெயரையும் தலை எண்ணிக்கையையும் கத்திச் சொல்வேன். அந்த வீட்டு ஆள் வந்து அள்ளிக்கொண்டு போவார். என் குரல் காயலுக்கு அக்கரையில் இருக்கும் தென்னந்தீவு வரை கேட்கும் என்பார்கள். அந்தக் குரல் வீட்டுக்குள் மட்டும் எடுபடாது என்பாள் என் மனைவி சூலியா.

நான் கூப்பிட ஆரம்பித்த முதல் நாள், "லெபேகாவின் வீடு, ஒன்பது" என்று கூப்பிட்டேன். மாமனார், மாமியார், கல்யாணமாகாத நாத்தனார், புருஷன் தியோனி, மூன்று பெண்கள், கைக்குழந்தை எலியு, அவள். அந்த வீட்டின் குவியலைத் தூக்க இரண்டு பேர் வர வேண்டும். நாலு வருஷத்துக்குள் மாமனார் மாமியார் இருவரும் போனார்கள், ஏழு. நாத்தனார் பக்கத்துத் தீவில் வாழ்க்கைப்பட்டாள், ஆறு. பெண்கள் மூவரும் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகக் கப்பல் ஏறி, நியூசிலாந்தில் பொரிருவாவில் வீடு பிடித்து, குளிருக்குக் கோட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, அங்கேயே இருந்துவிட்டார்கள். மூன்று.

தியோனிக்குச் சர்க்கரை. கடல் தாண்டி அப்பியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒரு காலை எடுத்தார்கள். அடுத்த வருஷம் இன்னொன்றை எடுக்கக் கூட்டிப்போனார்கள், ஆளே திரும்பவில்லை. அப்போது எலியுவுக்குப் பதினைந்து வயது. புதைத்துப் பத்து நாள் கழித்து ஊர் மீன் வந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. "லெபேகாவின் வீடு, மூன்று" என்றேன். ஒரு மீன்தானே, யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

அரை மணி நேரத்தில் லெபேகாவே அந்த மீனைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு வந்தாள். நாற்பது வீட்டுச் சனமும் இன்னும் கலையவில்லை.

"மிக்கா, என் வீட்டுல ரெண்டு பேரு. செத்தவனுக்கு நான் பங்கு கேட்டேனா?"

"இல்லக்கா, நான்தான் ஒரு இதுக்காக..."

"எண்ணத் தெரியாதவன கூப்பிட நிறுத்தினா இப்படித்தான் ஆகும். இந்தா."

மீனை என் காலடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து ஒரு வருஷத்துக்கு எனக்கு ஊரில் 'எண்ணத் தெரியாதவன்' என்று பெயர். கோயிலில் பாட்டு எண் சொல்ல எழுந்தால்கூடப் பின்வரிசையில் சிரிப்பார்கள். இரக்கப்பட்டதற்கு இந்த மரியாதை. சூலியா அதை மறந்துவிடச் சொன்னாள். நான் மறக்கவில்லை. ஒன்பது வருஷம் அதை நெஞ்சுக்குள் வைத்திருந்தேன்.

லெபேகா அப்படிப்பட்டவள்தான். ஒரு தேங்காய் வேலி தாண்டி விழுந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பாள். பெண்கள் போனில் முகம் காட்டி, "அம்மா, அங்க என்ன இருக்கு, வந்துடு" என்று அழுவார்கள். "நான் வந்தா இவனுக்கு யாரு சோறு போடுவா" என்று எலியுவைக் காட்டுவாள். அவன் பின்னால் நின்று அக்காக்களுக்குப் பழிப்புக் காட்டுவான். நல்ல பிள்ளை. சிரித்த முகம். கடல் வேலையில் கெட்டி. படகு மோட்டாரைப் பராமரிப்பதில் மட்டும் மகா சோம்பேறி. அந்த மோட்டார் இருமுகிற இருமலை வைத்தே எலியு கிளம்பிவிட்டான் என்று ஊர் தெரிந்துகொள்ளும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, தேங்காய் பொறுக்கத் தென்னந்தீவுக்குப் போனேன். ஒதுக்குப்புறமாக மட்டைக் குவியல் ஒன்று கிடந்தது. காலால் தள்ளினேன். அடியில் சுட்ட கற்கள், சாம்பல், ஓர் ஆமை ஓடு. பெரிய ஆமை. முப்பது பேருக்குக் குழம்பு வைக்கலாம்.

ஆமையை யார் பிடித்தாலும் அது ஊருடையது. கடற்கரைக்குக் கொண்டுவந்து போட வேண்டும், என் குரலில் அது பங்காக வேண்டும். அதை ஒளித்துத் தின்பது எங்களிடையே திருட்டைவிடக் கேவலம். திருடன் ஒரு வீட்டில்தான் எடுக்கிறான். ஆனாலும் வாலிபப் பயல்கள் எப்போதாவது செய்வதுதான். மாட்டினால் பெரியவர்கள் திட்டுவார்கள், ஒரு பன்றி கொடுக்கச் சொல்வார்கள், ஒரு மாசத்துக்கு ஊர் கேலி செய்யும், அவ்வளவுதான்.

ஓட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் தொப்பி கிடந்தது. எலியுவின் தொப்பி. முந்தின வாரம்தான் அவன் சிநேகிதன் ஒருவன் நியூசிலாந்துக்குக் கப்பல் ஏறியிருந்தான். வழியனுப்பு விருந்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

நான் பெரியவர்களிடம் போயிருக்கலாம். எலியுவைக் கூப்பிட்டுக் காதைத் திருகியிருக்கலாம். பேசாமலும் இருந்திருக்கலாம். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு நேராக லெபேகாவின் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நிமிர்ந்த முகம் ஒரு தடவை தொங்குவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

அவள் வாசலில் சேம்பு சீவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். தொப்பியைக் கீழே வைத்தேன். கத்தி நின்றது.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லக்கா. நம்ம குடும்பம் பாரு. உன்கிட்ட சொல்லிட்டு அப்புறம்னு..."

"எலியு" என்று கூப்பிட்டாள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். தொப்பியைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"ஆமை நல்லா இருந்துதா?"

"அம்மா, அது... நாலு பேருதான்மா. அவன் போறான்னு..."

"உங்க அப்பன் செத்தப்ப ஒரு மீன் கூடுதலா வந்துதுன்னு நான் திருப்பிக் குடுத்தவ. ஊரே பாத்துது. நீ அந்த ஊர் வாயில இருந்து புடுங்கித் தின்னிருக்க."

"பெரியவங்ககிட்ட நானே சொல்லிடறேன்மா. ஒரு பன்னி குடுத்துடலாம்."

"பன்னி நான் வளத்தது. நீ தின்னதுக்கு நீ குடு. கடலுக்குப் போ. ஊருக்குன்னு மீன் கொண்டாந்து கரையில போட்டுட்டு, உன் வாயால சொல்லு. வெறுங்கையோட இந்த வாசல மிதிக்காத."

அவன் என்னைப் பார்த்தான். "காத்து மேக்கால திரும்புது மாமா" என்றான், நான் ஏதாவது சொல்லட்டும் என்று. காற்று திரும்பிக்கொண்டுதான் இருந்தது. அவன் மோட்டார் ஒரு வாரமாக வழக்கத்தைவிட மோசமாக இருமியதும் எனக்குத் தெரியும். 'நாளைக்குப் போகட்டும்கா' என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். அவள் என்னைத் திட்டிவிட்டு அவனை விட்டிருப்பாள். நான் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் எனக்கு நன்றாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

எலியு படகைத் தள்ளிக்கொண்டு போனான். மோட்டார் பவளப் பாறையைத் தாண்டும்வரை இருமிக்கொண்டே போனது. அதுதான் கடைசி.

சாயங்காலம் வரவில்லை. மறுநாள் எல்லாப் படகும் போயின. நான்காம் நாள் விமானம் வந்து சுற்றிவிட்டுப் போனது. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. நீரோட்டம் மேற்கே இழுக்கிறது, மேற்கே நானூறு மைலுக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் எங்கள் கடலில் இப்படி அடித்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்ததுண்டு. என் மாமனாரின் அண்ணன் ஐம்பது நாள் மழைத்தண்ணீர் குடித்து, கடற்பறவை தின்று பிழைத்து வந்தவர். அதனால் யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த தடவை ஊர் மீன் வந்தபோது நான் "லெபேகாவின் வீடு, இரண்டு" என்றுதான் கூப்பிட்டேன். அவள் வாசல் தாண்டுவதை நிறுத்தியிருந்ததால் அவள் பங்கைச் சூலியாதான் எடுத்துப் போனாள். போய்விட்டு வந்து, "வாங்கிக்கிட்டாங்க" என்றாள்.

ஐம்பது நாள் ஆனது. நூறு ஆனது. அரை வருஷம் ஆனது. ஒவ்வொரு பங்கிலும் இரண்டு. செத்தவனுக்குப் பங்கு கேட்டேனா என்று ஊர் முன்னால் கேட்டவள் ஒரு மீனும் திருப்பி அனுப்பவில்லை. இரண்டையும் கழுவி, இரண்டையும் சமைத்து, ஒன்றை இலை போட்டு மூடி வைப்பாள். மறுநாள் அது பன்றிக்குப் போகும். சூலியா வந்து சொல்லிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுவாள். போதகர் நினைவு வழிபாடு வைக்கலாமா என்று கேட்கப் போனார். "எதுக்கு, யாரு செத்தா?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

அந்த வருஷம் மழை கெட்டது. ஈரப்பலா பிஞ்சிலேயே உதிர்ந்தது. கப்பல் பழுதாகி ஆறு வாரம் வரவில்லை, அரிசி தீர்ந்தது. சூரை மீன் கூட்டமும் எங்கோ விலகிப்போய்விட்டது. ஒரு நாள் மூன்று பேருக்கு ஒரு மீன்தான் வந்தது. பங்கு முடிந்ததும் ஊர்ப் பெரியவர் பெனியமினா என்னை நிறுத்தினார்.

"மிக்கா, எண்ணிக்கையெல்லாம் சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு."

"எனக்குப் பேரப்புள்ளைங்க ஏழு. அதான் கேட்டேன்."

"சரியா இருக்குன்னேன்ல. சந்தேகம்னா நாளைலேருந்து நீங்க கூப்பிடுங்க."

கிழவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் கெட்டவரில்லை. பசிக்கிற பிள்ளைகளின் தாத்தா.

ஒருவழியாகக் கப்பல் வந்தது. சரக்கு இறக்கக் கரையில் நின்றது நான்தான். கடைசியில் ஒரு மாலுமி சாக்கில் சுற்றிய ஒன்றை என் கையில் கொடுத்தான். மேற்கே வாலிஸ் தீவில் ஒரு மீனவன் பாறையில் கண்டெடுத்து, அங்கிருந்த பாதிரியார் மூலமாக அப்பியாவுக்கு அனுப்பினானாம், இந்த வேலைப்பாடு உங்கள் தீவுகளுடையதாயிற்றே என்று.

சாக்கைப் பிரிக்காமலே தெரிந்துவிட்டது. மரத்தைக் குடைந்து செய்த மூடிபோட்ட பெட்டி. துலுமா என்போம். தூண்டில் சாமானையெல்லாம் அதில் போட்டு மூடியைக் கட்டிவிட்டால், படகு கவிழ்ந்தாலும் அது மட்டும் மிதக்கும், உள்ளே சொட்டுத் தண்ணீர் போகாது. தியோனி செய்தது இது, எலியு படகில் எடுத்துப்போனது. மூடியில் அவன் கத்தியால் கீறிய மூன்று கோடு, மூன்று பெண்களுக்கு. ஓரமாக ஒரு சின்னக் கோடு, அது எலியு.

இதைக் கடற்கரையில் வைத்து நாலு பேரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் சாக்கோடு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் தள்ளினேன். லெபேகாவுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெட்டி வந்துவிட்டால் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லையென்றால் அடுத்த தடவை நான் ஒன்று என்று கூப்பிட வேண்டும். அதைச் சொல்ல என் வாய் வரவில்லை. நான்தானே தொப்பியை எடுத்துக்கொண்டு போனவன்.

அதன் பிறகு நாலு தடவை பங்கு கூப்பிட்டேன். நாலு தடவையும் இரண்டு.

ஐந்தாவது தடவை நல்ல மீன். சூரை கூட்டம் திரும்பியிருந்தது, முன்னூறுக்கு மேல். ஊரே சிரித்த முகமாக இருந்தது. பத்துப் பதினைந்து வீடு கூப்பிட்டு முடித்து, "லெபேகாவின் வீடு, இரண்டு" என்றேன்.

"ஒண்ணு" என்றது ஒரு குரல்.

திரும்பினேன். ஒரு வருஷமாக வாசல் தாண்டாதவள் கூட்டத்துக்குள் நின்றாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். முகம் அதே நிமிர்ந்த முகம்.

"எலியுவோட பெட்டி உன் கட்டிலுக்கடியில நாப்பது நாளா கெடக்கு. போய் எடுத்துட்டு வா, மிக்கா."

சூலியாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். பெருக்கும்போது கண்டிருக்கிறாள், அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. போய் எடுத்து வந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான நடை நடந்ததில்லை.

"உனக்காகத்தான்க்கா ஒளிச்சேன்" என்றேன்.

"தெரியும். நானும் ஒளிச்சேன். சூலியா வந்து சொன்ன அன்னைக்கே இங்க வந்திருக்கணும். நீ ரெண்டுன்னு கூப்பிடறது வீட்டுக்குக் கேக்கும். இன்னும் ஒரு தடவ, இன்னும் ஒரு தடவைன்னு இருந்துட்டேன். பெனியமினாவோட பேரப்புள்ளைங்க பசிச்சுக் கெடந்த நேரத்துலயும் நான் வாங்கிப் பன்னிக்குப் போட்டேன்."

பெனியமினா, "அதெல்லாம் விடும்மா, உக்காரு" என்றார். அவள் உட்காரவில்லை. கூழாங்கல்லில் மண்டியிட்டுப் பெட்டியின் கயிற்றைத் தடவினாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளே எல்லாம் காய்ந்து சுத்தமாக இருந்தது. கொக்கிகள், ஒரு லைட்டர், ஒழுங்காகச் சுற்றிய நரம்பு. நரம்பின் முனையிலிருந்த கொக்கியை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். அதில் காய்ந்த செதில் ஒட்டியிருந்தது.

"மீன் புடிச்சிருக்கான்" என்றாள்.

கொக்கியைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு நரம்புச் சுருளைத் தொட்டாள்.

"நரம்பச் சுத்தி, உள்ள வெச்சு, மூடியக் கட்டியிருக்கான். வேலை முடிஞ்சு வீட்டுக்குத் திரும்பறவன்தானே மூடியக் கட்டுவான், மிக்கா?"

"ஆமாக்கா."

"அப்ப வந்துக்கிட்டுதான் இருந்திருக்கான். மீனோட."

அந்தக் கரையில் கடலுக்குப் போகாத ஆண் கிடையாது. எல்லோருக்கும் அந்த முடிச்சின் அர்த்தம் தெரியும், அவள் சொன்னது சரிதான். சிலர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவள் எழுந்தாள். ஊரைப் பார்த்துச் சொன்னாள், சத்தம் போடாமல், விலாசம் சொல்வதுபோல. "என் புள்ள ஊர் ஆமைய ஒளிச்சுத் தின்னான். அதுக்கு ஊருக்கு மீன் கொண்டான்னு நான்தான் அனுப்பினேன். காத்து திரும்புதுன்னு சொன்னான். வெறுங்கையோட வாசல மிதிக்காதன்னேன். ஊருக்குச் சேர வேண்டியது இதுதான். ஒரு வருஷமா வீட்டுக்குள்ளயே வெச்சிருந்தேன். மிக்கா, இதையும் பங்கு போடு."

நாற்பது வீட்டுச் சனம் நின்றது. ஆயிரக்கணக்கான மீனைப் பிரித்தவன் நான். இந்தக் குற்றத்தை எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதில் ஒரு பங்கு யாருடையது என்று மட்டும் தெரியும். தொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தவனுடையது, மோட்டார் இருமியதைக் கேட்டும் பேசாமல் நின்றவனுடையது. 'அக்கா, எனக்கும் அதில் ஒன்று' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தக் குரல், அக்கரை வரை கேட்கும் என்கிறார்களே, அது வரவில்லை. அங்கே எப்போதும் சொல்கிறதையே சொன்னேன்.

"லெபேகாவின் வீடு, ஒன்று."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் என் பங்கை ஒப்புக்கொள்வேன் என்று காத்திருந்தாள் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆமையைப் பற்றி யார் வந்து அவளிடம் சொன்னது என்பதை அவள் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, அன்றும் சொல்லவில்லை. பிறகு குனிந்து ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கினாள், பெட்டியை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டாள்.

"இப்ப எண்ணத் தெரிஞ்சிடுச்சு உனக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மீதியிருந்த வீடுகளை நான் கூப்பிட்டு முடித்தேன். அவள் இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். பெண்கள் கூப்பிடுகிறார்கள், போக மாட்டேன் என்கிறாள். ஒவ்வொரு பங்கு நாளிலும் ஒன்று என்று கூப்பிடுகிறேன், சூலியா மீனைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள், அவள் அதைத் தொடுவதில்லை, அது முழுதாகப் பன்றிக்குப் போகிறது. அவள் வீட்டு வழியாகப் போக வேண்டியிருந்தால் நான் கடலோரமாகச் சுற்றிக்கொண்டு போகிறேன்.